வெப்சைட் போய்ச் சேர்ந்தது, மெயில் போய்ச் சேரவில்லை: ஒரு ஹோஸ்டிங் மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கரூரில் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு என்று நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம். அந்த ஊரில் இப்படி ஏகப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன, அதனால் இது யாரென்று யோசிக்க வேண்டாம். நானும் என் நண்பரும் கோவையிலிருந்து சிறு நிறுவனங்களுக்கு வெப்சைட் வேலை பார்க்கிறோம். 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் அந்த முதலாளி போன் செய்தார். கேட்டது ஒரே வரி: "தம்பி, நம்ம வெப்சைட் தொறக்கறதுக்குள்ள டீ ஆறிப்போவுதுங்க, வேற ஹோஸ்டிங்குக்கு மாத்திக் குடுத்துருங்க."

நானும் கொட்டேஷனில் ஒரே வரிதான் எழுதினேன். ஹோஸ்டிங் மாற்றம் (சைட் குடியிருக்கும் சர்வரை மாற்றுவது), 8,000 ரூபாய், மூன்று நாள். அந்த மூன்று நாள் ஏழு வாரம் ஆனது. தவறு பெரும்பாலும் என்னுடையது, எங்கே என்று கீழே சொல்கிறேன்.

சைட் சின்னதுதான். 2014-ல் யாரோ பிஹெச்பி என்ற நிரல் மொழியில் கையால் எழுதியது, நாற்பது பக்கம், தயாரிப்புப் படங்கள், ஒரு விசாரணைப் படிவம், அப்புறம் தமிழில் ஒரு வேலைவாய்ப்புப் பக்கம். அந்தத் தமிழ்ப் பக்கத்தைத்தான் உள்ளூரில் எல்லோரும் பார்ப்பார்கள், "தையல் ஆட்கள் தேவை, தங்கும் இடம் உண்டு" மாதிரி அறிவிப்புகள். மற்றதெல்லாம் வெளிநாட்டு வாங்குநர்களுக்காக. சர்வரில் ஓடியது பிஹெச்பி 5.6. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 கடைசியோடு நின்றுவிட்டன. ஹோஸ்டிங்கின் ஆண்டுச் சந்தா அக்டோபர் 31-ல் முடிகிறது, அதற்குள் வெளியே வந்தாக வேண்டும்.

யார் கையில் என்ன

வாடிக்கையாளர் "டொமைன்" என்று சொல்லும்போது அது உண்மையில் நான்கு சமாச்சாரம். பெயரைப் பதிவு செய்து வைத்திருக்கும் பதிவாளர் கணக்கு ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று பதில் சொல்லும் நேம்சர்வர், அதாவது டிஎன்எஸ், இன்னொன்று. சைட் இருக்கும் சர்வர் மூன்றாவது. மெயில் நான்காவது. நான்கும் ஒரே இடத்தில் இருந்தாலும் இருக்கலாம், நாலு திசையில் இருந்தாலும் இருக்கலாம். வாடிக்கையாளரைப் பொறுத்தவரை எல்லாமே "வெப்சைட்".

இங்கே மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருந்தது, எட்டு முகவரிகள், கடவுச்சொல் எல்லாம் ஆபீஸிலேயே. நல்லது. மற்ற மூன்றும் முதலாளி மனைவியின் சித்தப்பா மகன் கையில். 2011-ல் கல்லூரி முடித்த கையோடு ஹோஸ்டிங் மறுவிற்பனை செய்துகொண்டிருந்த பையன், டொமைனைத் தன் பெயரிலேயே, தன் கணக்கிலேயே எடுத்திருக்கிறார். இப்போது மொபைல் கடை வைத்திருக்கிறார், ஹோஸ்டிங் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது, பழைய வாடிக்கையாளர்கள் நாலைந்து பேருக்காக மட்டும் வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். பதிவுத் தகவலைத் தேடிப் பார்த்தால் 2018-க்குப் பிறகு எல்லா இடத்திலும் நடப்பதுபோல உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. அதனால் அது யார் பெயரில் இருக்கிறது என்பதே அவரிடம் கேட்டுத்தான் தெரிந்தது.

"நம்ம பையன்தானுங்க, கேட்டா குடுத்துருவான்" என்றார் முதலாளி.

அவர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவே இல்லை. நல்ல மனிதர்தான். ஆனால் கடையில் கூட்டம், பழைய மெயில் கடவுச்சொல் மறந்துவிட்டது, ராத்திரி பார்க்கிறேன் என்றே போனது. அந்தக் கணக்கில் மற்ற வாடிக்கையாளர்களின் டொமைன்களும் இருந்ததால் என்னை உள்ளே விட அவருக்குத் தயக்கம். அது நியாயம், நானாக இருந்தாலும் விட மாட்டேன். முதலாளியாலும் அழுத்திக் கேட்க முடியவில்லை, வீட்டுக்காரம்மா பக்கத்து உறவு. பத்து நாள் கழித்து அவர் ஒப்புக்கொண்டது இரண்டு: சைட் கோப்புகளையும் டேட்டாபேஸையும் ஜிப் செய்து அனுப்புவார், நான் சொல்லும் நேம்சர்வர் பெயரை ஒரு முறை மாற்றித் தருவார். மற்றதெல்லாம் பிறகு.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

வழக்கமாகச் செய்வது எளிது. பழைய டிஎன்எஸ் பதிவுகளின் டிடிஎல் மதிப்பை, அதாவது ஒரு பதிலை மற்றவர்கள் எத்தனை நொடி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணை, 300-க்கு இறக்கிவிட்டு ஒரு நாள் காத்திருந்து முகவரியை மாற்றினால் ஐந்து நிமிடத்தில் உலகம் பின்னால் வந்துவிடும். இங்கே பழைய டிஎன்எஸ் பேனல் என் கையில் இல்லை. பழைய பதிவுகளின் டிடிஎல் 14400, நான்கு மணி நேரம். அதற்கு மேல், டாட் காம் பெயர்களின் நேம்சர்வர் விவரத்தை மேல்மட்டப் பதிவகமே 172800 நொடி டிடிஎல்லோடுதான் தருகிறது. அதாவது இரண்டு முழு நாள். அதை யாரும் குறைக்க முடியாது.

எனக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு மாற்றம். அந்த ஒரு மாற்றத்தில் நேம்சர்வரையும் சைட்டையும் சேர்த்து நகர்த்தினால், இரண்டு நாளுக்குப் பாதிப் பேர் பழைய சைட்டையும் பாதிப் பேர் புதிய சைட்டையும் பார்ப்பார்கள், புதியதில் ஏதாவது கோளாறு என்றால் நேம்சர்வரைத் திருப்ப இன்னும் இரண்டு நாள். அதனால் இரண்டு படியாகப் பிரித்தேன். முதல் படியில், தனியான ஒரு டிஎன்எஸ் சேவையில் பழையதன் அச்சு அசலான நகலைப் போட்டு, அதில் சைட் முகவரி பழைய சர்வரையே காட்டும்படி வைத்து, நேம்சர்வரை மட்டும் மாற்றுவது. வெளியே யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது. இரண்டு நாள் போனதும் டிஎன்எஸ் முழுக்க என் கையில் இருக்கும், அப்புறம் சைட்டை எப்போது வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் நகர்த்தலாம், ஐந்து நிமிடத்தில் திரும்பவும் கொண்டு வரலாம். இந்த முடிவு சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். கோட்டை விட்டது "அச்சு அசலான நகல்" என்ற இடத்தில்.

டொமைனைப் பதிவாளர் மாற்றுவதையும் பெயர் மாற்றுவதையும் கடைசிக்குத் தள்ளினேன். ஒரே நேரத்தில் இரண்டு கையிலும் பாத்திரம் வேண்டாம் என்று.

தமிழ்ப் பக்கம்

இது நடுவில் வந்த கதை, ஆனால் தமிழ் சைட் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாக.

புதிய சர்வரில் பிஹெச்பி 7.4. பழைய கோடில் டேட்டாபேஸோடு பேசும் செயல்கூறுகள் பிஹெச்பி 7-லேயே நீக்கப்பட்டவை, அதனால் அந்தப் பகுதிகளை மைஎஸ்க்யூஎல்ஐ என்ற புது முறைக்கு மாற்றி எழுதினோம், எழுத்து முறை யூடிஎஃப்8 (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகக் குறிக்கும் முறை) என்றும் பொறுப்பாகக் குறிப்பிட்டோம். என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புது சர்வரின் ஐபியை (இணைய முகவரி எண்ணை) எழுதி சைட்டைத் திறந்தேன். இப்படிச் செய்தால் எனக்கு மட்டும் புது சர்வர் தெரியும், மற்றவர்களுக்குப் பழையது. ஆங்கிலப் பக்கங்கள் கச்சிதம். வேலைவாய்ப்புப் பக்கத்தில் "தையல்" இருக்க வேண்டிய இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் நாலு மூலையிலும் கால் முளைத்த ஒரு வட்டம். அதற்கடுத்து மறுபடியும் அதே ஏ, இந்த முறை பக்கத்தில் உயரத்தில் ஒரு சின்னக் கோடு. பக்கம் முழுக்க இதே ஊர்வலம்.

அந்த மூன்று சின்னமும் சேர்ந்ததுதான் "த". யூடிஎஃப்8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். பழைய டேட்டாபேஸ் அட்டவணை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான, எழுத்துக்கு ஒரு பைட் முறை) என்று உருவாக்கப்பட்டிருந்தது. மைஎஸ்க்யூஎல் என்ற அந்த டேட்டாபேஸ் மென்பொருளின் 8-ஆம் பதிப்பு வரும்வரை அதுதான் இயல்பான அமைப்பு, யாரும் யோசிக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். பழைய கோடும் லத்தீன்1 என்றே பேசியதால் பைட்டுகள் போனபடியே திரும்பி வந்துகொண்டிருந்தன, எட்டு வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாம் "ஒழுங்காக" யூடிஎஃப்8 கேட்டதும், டேட்டாபேஸ் ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்து என்று நம்பி மறுபடி மாற்றிக் கொடுத்தது.

தீர்வு, அந்த நெடுவரிசைகளை முதலில் வெறும் பைனரியாக மாற்றி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்8-க்கு இதுதான் பெயர்) ஆக மாற்றுவது. நேரடியாக மாற்றினால் குப்பை நிரந்தரமாகிவிடும். பைனரி வழியில் போனால் டேட்டாபேஸ் பைட்டுகளைத் தொடாது, பெயர்ப் பலகை மட்டும் மாறும். அதிலும் இரண்டு வரிகளில் தவறான எழுத்துச்சரம் என்று பிழை வந்து நின்றது. பார்த்தால் தலைப்பு நெடுவரிசையின் அளவு 255. லத்தீன்1-ல் அது 255 பைட், தமிழில் அதிகபட்சம் 85 குறியீடுகள்தான். நீளமான இரண்டு அறிவிப்புகளின் கடைசி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருந்தது, மூன்று பைட்டில் இரண்டுதான் மிச்சம். அந்த அரை எழுத்துகளைக் கையால் நீக்கியதும் எல்லாம் சரியானது. நேரடியாக டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டு அதற்கப்புறம் இதைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

முதல் படி: செப்டம்பர் 22, வியாழன்

நகல் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு டொமைனின் கீழே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று டிஎன்எஸ்ஸிடம் மொத்தமாகப் பட்டியல் கேட்க முடியாது, அந்த வசதியை ஏறக்குறைய எல்லோரும் மூடி வைத்திருப்பார்கள். "இந்தப் பெயர் இருக்கிறதா" என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்கலாம். பெயர் தெரியாவிட்டால் கேட்கவும் முடியாது. நான் வழக்கமான பெயர்களைக் கேட்டேன்: மூன்று டபிள்யூ, மெயில், வெப்மெயில், எஃப்டிபி, கூகுளின் டிகேஐஎம் சாவி இருக்கும் பெயர், டிமார்க் (இரண்டும் மெயில் போலியா என்று சரிபார்க்க உதவுபவை). மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளையும், நம் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். பாதுகாப்பான இணைப்புக்காக வெளியிடப்பட்ட எஸ்எஸ்எல் சான்றிதழ்களின் பொதுப் பதிவேட்டில் தேடினால் சில சமயம் மறந்துபோன துணைப்பெயர்கள் கிடைக்கும், அதையும் பார்த்தேன். புதிதாக எதுவும் இல்லை. டொமைனின் எல்லா டிஎன்எஸ் பதிவுகளும் இருக்கும் ஜோன் கோப்பை அனுப்பச் சொல்லி பையனிடம் இரண்டு முறை கேட்டிருந்தேன், வரவில்லை. மூன்றாவது முறை கேட்கவில்லை.

வியாழன் மாலை ஆறரைக்கு அவர் நேம்சர்வரை மாற்றினார். இரவு வரை எதுவும் அசையவில்லை, அதுதான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஈரோடு ரோட்டில் இருக்கும் அவர்களுடைய இரண்டாவது யூனிட்டிலிருந்து கணக்குப் பார்க்கும் அக்கா பேசினார். "தம்பி, டேலி வரமாட்டேங்குதுங்க. நீங்க வெப்சைட்டுல என்னமோ பண்றீங்கன்னு சொன்னாங்க." டேலிக்கும் வெப்சைட்டுக்கும் சம்பந்தம் இல்லை அக்கா, நெட்டைப் பாருங்கள் என்றேன். அப்படிச் சொன்னதை இப்போதும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார்: "நாங்க ஆபீஸ்னு அடிச்சு டாட் போட்டு கம்பெனி பேரு போட்டாத்தானுங்க டேலி தொறக்கும்."

அந்தத் துணைப்பெயர் மெயின் ஆபீஸின் நிலையான ஐபியைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது யூனிட்டிலிருந்து, தூரத்துக் கணினியை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் போய் டேலியைத் திறப்பார்கள். (ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்தே வைத்திருந்தார்கள். அது தனித் தலைவலி, பின்னர் விபிஎன் என்ற தனிப் பாதை போட்டுக் கொடுத்தோம்.) அதற்குச் சான்றிதழ் எதுவும் வாங்காததால் பொதுப் பதிவேட்டிலும் சிக்கவில்லை. யாரும் அதை வெப்சைட்டின் பகுதியாக நினைக்காததால் யாரும் சொல்லவில்லை, நானும் அந்த மாதிரிக் கேள்வியே கேட்கவில்லை.

குழப்பத்துக்குக் குழப்பம், முதலாளி வீட்டு லேப்டாப்பில் அதே பெயர் ஒழுங்காகத் திறந்தது. "எனக்கு வருதே, அங்க நெட்டுதான் போச்சு" என்று அவர் அக்காவைச் சத்தம் போட்டிருக்கிறார். வீட்டு இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் இன்னும் பழைய நேம்சர்வரை ஞாபகம் வைத்திருந்தது, யூனிட்டின் நிறுவனம் புதியதற்கு வந்துவிட்டது. இரண்டு பேருமே சரி.

பெயர் தெரிந்தபிறகு வேலை சுலபம். பழைய நேம்சர்வரை நேரடியாகக் கேட்டதும் ஐபி கிடைத்தது, புதிய ஜோனில் சேர்த்தேன். "இப்ப பாருங்க அக்கா." வரவில்லை. கணினியில் டிஎன்எஸ் நினைவை அழிக்கச் சொன்னேன், அப்போதும் வரவில்லை. காரணம், "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலையும் டிஎன்எஸ் ஞாபகம் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பது ஜோனின் எஸ்ஓஏ என்ற தலைமைப் பதிவில் கடைசியாக இருக்கும் எண்ணைப் பொறுத்தது. எங்களுடையதில் 3600. அந்த ஒரு மணி நேரத்துக்கு பெயருக்குப் பதிலாக ஐபி எண்ணையே அடிக்கச் சொல்லி ஒப்பேற்றினோம். அக்கா அதை மானிட்டர் ஓரத்தில் ஒட்டுத்தாளில் எழுதி வைத்தார். அடுத்த மாதம் நான் போனபோதும் அது அங்கேயே ஒட்டியிருந்தது.

இரண்டாம் படி: அக்டோபர் 1, சனி இரவு

சனி இரவு என்று வைத்ததற்குக் காரணம், ஐரோப்பிய வாங்குநர்களுக்கு அப்போது விடுமுறை. டிடிஎல் இரண்டு நாளைக்கு முன்பே 300-க்கு இறக்கியாயிற்று. எஸ்எஸ்எல் சான்றிதழில் ஒரு கோழி–முட்டைப் பிரச்சினை உண்டு: இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாக டொமைன் எந்தச் சர்வரைக் காட்டுகிறதோ அங்கே வந்து சோதித்துத்தான் சான்றிதழ் தரும். நாம் மாற்றும் வரை அது பழைய சர்வர். மாற்றியபின் வாங்கலாம் என்றால் இடைப்பட்ட நேரத்தில் வருபவர்களுக்கு "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று சிவப்புப் பக்கம் வரும். டிஎன்எஸ் நம் கையில் இருந்ததால் ஒரு டெக்ஸ்ட் பதிவு சேர்த்து நிரூபிக்கும் முறையில் முன்கூட்டியே வாங்கி நிறுவிவிட்டோம். 90 நாள் செல்லுபடி, அதற்குப் பின் பேனலே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்தோம்.

இரவு 10.40-க்கு முகவரியை மாற்றினேன். 10.50-க்குள் என் போன், நண்பரின் போன், முதலாளி வீட்டு லேப்டாப் எல்லாவற்றிலும் புது சைட். பக்கங்களைத் திறந்து பார்த்தோம். ஜிமெயிலிலிருந்து நிறுவனத்தின் இன்ஃபோ முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினோம், போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பதிலும் வந்தது. விசாரணைப் படிவத்தை முந்தின வாரமே சோதித்திருந்தேன், பெறுபவர் முகவரியாக என் சொந்த ஜிமெயிலைப் போட்டு. சோதனை முடிந்ததும் இன்ஃபோ முகவரியை எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் முதலாளி "இப்பத்தானுங்க சைட்டு மாதிரி இருக்குது" என்றார். பில் அனுப்பினேன்.

அக்டோபர் 10, திங்கள்: வராத விசாரணைகள்

சைட்டை மாற்றியதற்கு அடுத்த வாரம் செவ்வாய் ஆயுத பூஜை, புதன் விஜயதசமி. ஆபீஸ் பாதி நாள் மூடியிருந்தது. படிவத்திலிருந்து ஒரு விசாரணையும் வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பத்தாம் தேதி காலை ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் ஒரு இளைஞருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி: டென்மார்க்கில் இருந்து ஒருவர், போன வாரம் உங்கள் சைட் வழியாக எழுதினேன், பதிலே இல்லையே என்று கேட்டிருந்தார். அவர் எண்ணைச் சைட்டிலிருந்தே எடுத்திருக்கிறார். எத்தனை பேர் அப்படி மெனக்கெடுவார்கள்.

மெயில் பிரச்சினை என்றதும் முதலில் எம்எக்ஸைப் பார்த்தேன். சரி. ஜிமெயிலிலிருந்து அனுப்பினேன், சேர்ந்தது. படிவத்தை நிரப்பினேன், "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று வந்தது. இன்ஃபோ பெட்டியில் ஒன்றுமில்லை, ஸ்பேமிலும் இல்லை. அனுப்பாமல் நின்றுவிட்டதா என்று சர்வரின் வரிசையைப் பார்த்தால் அதுவும் காலி. சர்வரைக் கேட்டால் எல்லாவற்றையும் வெற்றிகரமாகச் சேர்ப்பித்துவிட்டேன் என்கிறது. எங்கே சேர்ப்பித்தாய் என்பதுதான் கேள்வி.

ஃபைல் மேனேஜரில் மெயில் என்ற ஃபோல்டர், அதற்குள் நியூ என்ற ஃபோல்டர். திறந்தேன். எண்களில் தொடங்கும் நீளமான பெயர் வைத்த 14 கோப்புகள் வரிசையாக இருந்தன. மேலே இருந்தது பத்து நிமிடம் முன்பு நான் அனுப்பிய சோதனை.

நடந்தது இதுதான். புது ஹோஸ்டிங்கின் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்தில் மெயில் ரவுட்டிங் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. டொமைனை அங்கே சேர்த்தபோது, இந்த டொமைனின் மெயிலும் என்னிடம்தான் இருக்கிறது என்று சர்வர் முடிவு செய்து "லோக்கல்" என்று வைத்துக்கொண்டது. வெளியே உள்ளவர்கள் அனுப்பும் மெயில் எம்எக்ஸைப் பார்த்து நேராகக் கூகுளுக்குப் போகும், அதனால் எங்கள் ஜிமெயில் சோதனைகள் எல்லாம் தேறின. அந்தச் சர்வருக்குள்ளேயே பிறக்கும் மெயில் மட்டும் எம்எக்ஸைப் பார்க்காது. தன் வீட்டு முகவரிக்குத் தானே எதற்குத் தபால் நிலையம் போக வேண்டும் என்று உள்ளேயே போட்டுவிடும். இன்ஃபோ என்ற பெட்டி அங்கே இல்லாததால், அந்தக் கணக்கின் பொதுப் பெட்டியில் விழுந்தது. நான் என் ஜிமெயிலைப் போட்டுச் சோதித்ததால் இந்தப் பாதையே சோதிக்கப்படவில்லை. பொதுப் பெட்டி என்ற ஒன்று இல்லாமல் நிராகரிக்கும்படி அமைத்திருந்தால் அந்த மெயில்கள் போனது போனதுதான், ஆனால் அப்படி இருந்திருந்தால் பிழை அறிவிப்பு வந்து முதல் நாளே தெரிந்திருக்கலாம். எது மேல் என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

சரி செய்தது

ரவுட்டிங்கை "ரிமோட்" என்று மாற்ற ஐந்து நொடி. மறுபடி படிவம் நிரப்பினேன், இந்த முறை கூகுளுக்குப் போனது, ஆனால் ஸ்பேமுக்குள். பகிர்ந்த ஹோஸ்டிங்கில் சைட்டின் ஐபி ஒன்று, மெயில் வெளியே போகும் ஐபி வேறொன்று. எங்கள் எஸ்பிஎஃப் வரியில் இரண்டாவது இல்லை. அதைச் சேர்ப்பதற்குப் பதிலாக, படிவம் கூகுள் கணக்கு வழியாகவே கடவுச்சொல்லோடு, எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் முறையில் அனுப்பும்படி மாற்றினோம். எஸ்பிஎஃப்பில் பகிர்ந்த சர்வரின் ஐபியைப் போட்டால், அந்தச் சர்வரில் குடியிருக்கும் முன்பின் தெரியாத மற்ற சைட்காரர்களுக்கும் நம் பெயரில் மெயில் அனுப்பும் அனுமதியைக் கொடுத்ததுபோல ஆகும். பழைய கோட் விசாரிப்பவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டுக்கொண்டிருந்தது, அதையும் மாற்றி அவர் முகவரியைப் பதில் முகவரியாக மட்டும் வைத்தோம். யாஹூ போன்ற நிறுவனங்கள் 2014 முதலே தங்கள் பெயரில் வேறு சர்வரிலிருந்து வரும் மெயிலை நிராகரிக்கச் சொல்கின்றன, ஆக பழைய சைட்டிலும் சில விசாரணைகள் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

14 கோப்பில் ஒன்று என் சோதனை, பத்து ஸ்பேம், மூன்று உண்மையான விசாரணை. மூன்றையும் அன்றே அனுப்பி வைத்து, தாமதத்துக்குக் காரணம் எங்கள் சர்வர் மாற்றம் என்று எழுதச் சொன்னேன். டென்மார்க்காரர் சாம்பிள் கேட்டார். இன்னொருவர் பதில் போட்டார், வேறு இடத்தில் முடித்துவிட்டாராம். மூன்றாமவரிடமிருந்து பதில் இல்லை. முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "சரி விடுங்க தம்பி" என்றுவிட்டு ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பில்லில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

டொமைன் பெயர் மாற்றம்

இதில் வரிசை முக்கியம். 2016 டிசம்பரில் வந்த விதிப்படி டாட் காம் போன்ற டொமைன்களில் உரிமையாளர் பெயரை முதலில் மாற்றினால், 60 நாளுக்கு வேறு பதிவாளரிடம் கொண்டுபோக முடியாமல் பூட்டு விழக்கூடும். எனவே பையன் பெயரிலேயே முதலில் புதிய பதிவாளர் கணக்குக்கு மாற்றி, அங்கே வந்தபின் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுவது என்று வைத்தோம். அக்டோபர் 12-ல் அவர் கடையிலேயே உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் டெம்பர்டு கிளாஸ் கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுநடுவே, மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டு, பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீட்டை எடுத்தோம். மொத்தம் இருபது நிமிடம். ஒரு மாதமாகப் போனில் கேட்டுக்கொண்டிருந்த வேலை அது. ஐந்து நாள் வழக்கமான காத்திருப்பு, கூடவே டொமைன் காலம் ஒரு வருடம் நீண்டது. டிஎன்எஸ் ஏற்கெனவே தனி இடத்தில் இருந்ததால் இந்த மாற்றத்தில் சைட்டோ மெயிலோ ஒரு நொடிகூட நிற்கவில்லை. பெயர் மாற்றத்துக்கு இரண்டு பக்கமும் உறுதி கேட்டு மெயில் வந்தது, இருவரும் அழுத்தினார்கள். அக்டோபர் 20-ல் முடிந்தது, தீபாவளிக்கு நாலு நாள் முன்பு.

பழைய ஹோஸ்டிங் 31-ஆம் தேதி வரை அப்படியே கிடந்தது. 30-ஆம் தேதி அதன் பதிவுகளைப் பார்த்தேன், தேடுபொறி ரோபோக்களைத் தவிர யாரும் வரவில்லை. அணையவிட்டோம்.

இப்போது வேறு மாதிரி செய்வது

ஜோன் கோப்பு கையில் வராமல் நேம்சர்வரைத் தொடுவதில்லை. மூன்றாவது முறை போனில் கேட்பதற்குப் பதிலாக நேரில் போய் உட்காருகிறேன். கொட்டேஷனில் "ஹோஸ்டிங் மாற்றம்" என்ற ஒரே வரி போய், பதிவாளர், டிஎன்எஸ், சர்வர், மெயில் நான்கும் தனித்தனி வரியாக வந்துவிட்டன. வாடிக்கையாளர்களுக்கு இது அதிகக் காசு கேட்பதுபோலத் தெரிகிறது, சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதலாளியிடம் மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டேன். கணக்குப் பிரிவு, சிசிடிவி போட்டவர், வருகைப்பதிவு இயந்திரத்தைப் பார்ப்பவர், எல்லோரிடமும் ஒரே கேள்வி: கம்பெனி பெயரை அடித்துத் திறக்கிற எதுவாவது உங்களிடம் இருக்கிறதா? போன வருடம் ஒரு இடத்தில் சிசிடிவி பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்று இப்படிச் சிக்கியது.

படிவத்தை உண்மையான பெறுபவர் முகவரியோடு, மாற்றம் முடிந்தபின், மறுநாள் காலை, வாடிக்கையாளரே நிரப்பிப் பார்க்க வேண்டும். அவர் பெட்டிக்கு வந்த மெயிலின் ஸ்க்ரீன்ஷாட் என் வாட்ஸ்அப்புக்கு வந்த பிறகுதான் பில். முதல் இரண்டு வாரம் படிவத்தில் வருவது டேட்டாபேஸிலும் ஒரு பிரதி சேமிக்கும்படி வைக்கிறோம்.

கரூர் நிறுவனத்தின் டொமைன் புதுப்பிப்பு நினைவூட்டல் இப்போது இரண்டு முகவரிகளுக்குப் போகிறது. ஒன்று அக்காவின் நிறுவன முகவரி, இன்னொன்று முதலாளி மகளின் சொந்த ஜிமெயில். டொமைன் காலாவதியாகிவிட்டால் முதல் முகவரிக்கு மெயில் வராது, அதனால்.